பக்கவாதம் டீச்சர்

ஜவ்வாது மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிடில் வாசிக்கிற இசை ஆசிரியை வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. "பக்கவாதம் டீச்சர் வூடா?" என்று அவர்களாகவே திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். முதல் வருஷம் இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறும். இப்போது யாராவது மரியாதையாக "வயலின் மேடம்" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பெயர் எப்படி வந்தது, வந்து எனக்கு என்ன செய்தது என்று எழுதிவைத்துவிட வேண்டும். கை எழுதுகிற நிலைமையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் செங்கத்துக்காரி. அப்பா கடலை மண்டியில் எடை போடுகிறவர். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ரேடியோதான், அதுவும் அடித்தால்தான் பாடும். எட்டாவது படிக்கும்போது கோயில் திருவிழாக் கச்சேரியில் ஒரு அம்மாள் பிடில் வாசித்ததைப் பார்த்தேன். பாடியவர் யார், என்ன பாடினார், ஒன்றும் நினைவில்லை. அந்த அம்மாளின் வலது கை போய்ப் போய் வந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து எனக்கு பிடில் வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நான்காம் நாள் அப்பா, "இது புடிச்சா உடாத சனியன்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினார். அங்கே இசைப்பள்ளி, அப்புறம் சென்னையில் இசைக் கல்லூரி. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் "பிடிலுக்காரப் பொண்ணு எப்டி கீது?" என்று அப்பாவை விசாரிப்பார்களாம். அவருக்கு அதில் அத்தனை பெருமை.

சென்னையில் நான் முதலில் கற்றுக்கொண்டது பாட்டு இல்லை, வாயை மூடுவது. ஒரு சபாவில் கச்சேரிக்கு முன்னால் அறையில் உட்கார்ந்திருந்தோம். பாடகர் ஏதோ கேட்டார். காதில் சரியாக விழவில்லை. "இன்னாங்க?" என்றேன். அவ்வளவுதான். அறை முழுக்க ஒரு சிரிப்பு. தம்பூரா போட வந்த பெண் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்தேன், இனி இந்த வாயில் அந்தச் சொல் வரக் கூடாது. வரவில்லை. "என்ன", "என்னங்க", "என்ன சொன்னீங்க" என்று நாக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினேன். செங்கத்துக்குப் போனால் தம்பி கேலி செய்வான், "அக்கா டிவி நியூசு மாதிரி பேசுது" என்று.

பக்கவாத்தியம் என்பது ஒரு தினுசான பிழைப்பு. பாடுகிறவர் என்ன பாடுவார் என்று நமக்குத் தெரியாது. அவர் ஒரு வரி பாடினால் அரை நொடி பின்னால் அதே வரியை நாம் வாசிக்க வேண்டும். அவர் நன்றாகப் பாடினால் கைதட்டல் அவருக்கு. அவர் தப்பாகப் பாடினால் நாமும் அதே தப்பை, அதுதான் சரி என்பதுபோல, கூடவே வாசித்து மூடிவிட வேண்டும். சபையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. நல்ல பக்கவாத்தியத்துக்கு அதுதான் அழகு. இந்த அழகு எனக்கு இருபத்தெட்டு வருஷம் இருந்தது. ஒரு சாயங்காலம் போய்விட்டது.

அன்றைக்குப் பாடியவர் பெரிய ஆள். ஸ்வரம் பாடிக்கொண்டு வந்தவர் கணக்கில் சறுக்கி, தாளத்துக்கு முன்னாலேயே வந்து விழுந்தார். விழுந்தவர் சும்மா இருந்திருக்கலாம். என் பக்கம் திரும்பி, ஏதோ நான்தான் தள்ளிவிட்டதுபோல ஒரு முறை முறைத்துவிட்டு, சபையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "தப்பு உங்களுது" என்றேன். மைக் என் வாய்க்கு எத்தனை கிட்டத்தில் இருந்தது என்று கடைசி வரிசை சிரித்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் குறைந்தார்கள், குறைந்து குறைந்து நின்றே போனார்கள். வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

பகுதிநேர இசை ஆசிரியை வேலை ஒன்று மலைப் பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்தது. அங்கே போக யாரும் தயாராக இல்லை, நான் போனேன். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பிடிலோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். தங்க ஓர் அறை வேண்டும் என்று கேட்டபோது, சாமையும் புளியும் விளைவிக்கிற ஓர் அம்மாள் தன் வீட்டை ஒட்டிய அறையைக் காட்டினாள். என் வயசுதான் இருக்கும். புருஷன் இல்லை. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சருக்கு எத்தினி வருசமா பள்ளிக்கூடத்து வேல?"

"இப்பதாங்க. இதுக்கு முன்னாடி இருபத்தெட்டு வருஷமா பக்கவாத்தியந்தான்."

முறம் நின்றது. "ஐயய்ய! இருவத்தெட்டு வருசமாவா? பாக்க நல்லாத்தானே கீறீங்க!"

"நல்லா இல்லாம என்ன?"

"எந்தப் பக்கம்?"

ஆகா, விவரம் தெரிந்தவள் என்று நான் பூரித்துப்போனேன். மேடையில் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று கேட்கிறாள். பிடில்காரர்கள் பாடுகிறவரின் இடது பக்கம்தான் உட்கார வேண்டும்.

"இடது பக்கம்."

"எப்பவும் இடது பக்கந்தானா?"

"எப்பவும் இடது பக்கந்தான். மாறவே மாறாது."

"ஒண்டியாளா எப்டிம்மா சமாளிக்கிற?" 'ங்க' காணாமல் போயிருந்தது. குரல் இளகியிருந்தது.

"பழகிடுச்சு. கை கொஞ்சம் வலிக்கும். உட்கார்ந்து எழுந்தா கால் மரத்துப்போகும். மத்தபடி ஒண்ணுமில்ல."

அவள் எழுந்து வந்து என் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிடிலையும் வாங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மலையில் ராஜ உபசாரம். தண்ணீர்க் குடத்தை நான் தொட்டால் எங்கிருந்தோ ஒருத்தி ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால் ஆண்களே எழுந்து இடம் விடுவார்கள், அதுவும் ஜன்னல் ஓரம். இறங்கும்போது யாராவது என் இடது முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் கொள்ளு ரசம் கொண்டுவந்தார். இன்னொருவர் ஏதோ எண்ணெய். ஒரு நாள் வாசலில் இரண்டு புறாக்கள், கால் கட்டி, உயிரோடு. நான் சைவம் என்று சொல்லி அவிழ்த்துவிட்டேன். சென்னையில் இருபத்தெட்டு வருஷம் வாசித்து ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. கலையின் மதிப்பு மலையில்தான் தெரிந்திருக்கிறது என்று தம்பிக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். "அங்கயே இரு அக்கா" என்றான் அவன்.

நாலு மாதம் கழித்து வாரச் சந்தையில் விஷயம் வெடித்தது. தேன் விற்கிற பெரியவர் ஒருவர் என் இடது கையைத் தொட்டுப் பார்த்து, "இப்ப எயும்புதா தாயீ?" என்று கேட்டார்.

"எது எழும்புதா?"

"கையிதான். உனுக்குப் பக்கவாதமாமே. எங்க பெரியம்மாவுக்கும் இதே இடப்பக்கந்தான். அதுக்கோசரந்தான் டாக்டரு அந்த பிடிலு மிசினு குடுத்து இஸ்துகினே இருக்கச் சொன்னாராமே?"

நின்ற இடத்திலேயே நான்கு மாத ராஜ உபசாரமும் என் கண் முன்னால் ஓடியது. குடம், ஜன்னல் ஓரம், எண்ணெய், புறா. கலையாவது மதிப்பாவது. வெங்காயத்தைக் கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். பக்கவாத்தியம், பக்கவாத்தியம் என்று எட்டுத் தடவையாவது கத்தியிருப்பேன். ஒரு 'த்தி' விழுந்துபோனால் கலைஞர் நோயாளி ஆகிவிடுவாரா என்று கேட்டேன். அவள் அசையவே இல்லை.

"வாத்தியமோ வாதமோ, கையி நடுங்குதே அதுக்கு இன்னா சொல்ற? நானுந்தான் தெனம் பாக்கறேன். கம்பிமேல வெரலு அப்டியே ஆடுது."

"அது நடுக்கம் இல்லம்மா, கமகம்! அப்படி ஆட்டினாத்தான் ராகம்!"

"ஆட்டாத வாசி, நின்னுட்டா உனுக்கு நல்லது" என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பள்ளிக்கூடத்தில் கூட வருகைப் பதிவேட்டில்தான் நான் இசை ஆசிரியை. மற்ற இடமெல்லாம் பக்கவாதம் டீச்சர்.

இதைவிட எரிச்சல், தினமும் காலையில் அவள் வைக்கிற பரீட்சை. ஏழு மணிக்கு காபி கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டுப் போக மாட்டாள். எதிரில் குந்திக்கொண்டு, "சிரி" என்பாள். "எதுக்கு?" என்றால், "சும்மா சிரி." அப்புறம் "ரெண்டு கையியும் தூக்கு." அப்புறம் "புளியமரம்னு சொல்லு." ஒரு நாள் பொறுக்க முடியாமல், "என்னைப் பார்த்தா உனக்குக் கூத்தாடி மாதிரி தெரியுதா?" என்று சீறினேன். அன்றைக்குத்தான் அவள் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள்.

கழனியில் சாமை அறுத்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று அரிவாளைக் கீழே போட்டிருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்துப் படுக்கவைத்தார்கள். மறுநாள் சாயங்காலம்தான் கீழே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில், "நேத்தே சில மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஒரு ஊசி இருக்கும்மா" என்றார்களாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்டிருக்கிறாள். சிரிக்கச் சொல், கையைத் தூக்கச் சொல், ஏதாவது பேசச் சொல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு வருஷம் அவர் கட்டிலில் கிடந்தார். ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

"கத்துக்குனப்ப அந்தாளுக்கு ஒதவல" என்றாள். "வேற யாருக்குனா ஒதவட்டும்னு பாக்கறேன். நீ இன்னாடான்னா மொறைக்கிற."

சிரித்தேன், கையைத் தூக்கினேன், புளியமரம் என்றேன். மறுநாளிலிருந்து முணுமுணுத்துக்கொண்டேதான் என்றாலும் தவறாமல் செய்தேன்.

இரண்டாவது வருஷம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மலை முழுக்கப் புளி உலுக்குகிற காலம். வாசலில் புளியம்பழம் குவிந்து கிடந்தது, வீட்டுக்காரம்மா கொட்டாப்புளி என்கிற சின்ன மரச்சுத்தியலால் ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் சிரித்தாயிற்று, கை தூக்கியாயிற்று, புளியமரமும் சொல்லியாயிற்று. உள்ளே உட்கார்ந்து சாதகம் செய்துகொண்டிருந்தேன். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீளமாக ஒரு வில் இழுத்தேன். பாதியில் வில் என் மடியில் விழுந்தது. எடுக்கலாம் என்று பார்த்தால் வலது கை எடுக்க வரவில்லை. என் கைதான், என் மடியிலேயே கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல. எனக்கு வலிக்கவில்லை. பயமும் அப்போது வரவில்லை. தூக்கக் கலக்கம், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகப் படுக்கத்தான் போனேன்.

பிடில் நின்றதும் வெளியே கொட்டாப்புளி நின்றது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"சிரி."

சிரித்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"கையத் தூக்கு. புளியமரம் சொல்லு." இடது கை மேலே போனது. வாயிலிருந்து வந்தது எந்த மரமும் இல்லை.

அவள் கத்தவில்லை, அழவில்லை. அவளுடைய தம்பி குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன், கீழே சந்தைக்குப் போகப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். "மூட்டைய எல்லாம் கீய தள்ளுடா, ஜல்தி!" என்று ஒரே குரல். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கவாதம் டீச்சருக்கு மறுபடி வந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தெருவில் நின்ற நாலு பேர் ஓடி வந்தார்கள். யாரும் வேப்பிலையைத் தேடவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. இரண்டு வருஷமாக என் முழங்கையைப் பிடித்துப் பழகிய கைகள் என்னைத் தூக்கி வண்டியில் கிடத்தின. ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள் நாம் இறங்கிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். காலிச் சாக்குகளின் மேல், அவள் மடியில் என் தலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். மலை இறங்கி, கலசப்பாக்கம் தாண்டி, திருவண்ணாமலை ஆஸ்பத்திரி வாசல் வரை, "தூங்காத, கண்ண மூடாத, தூங்காத" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

வாய் போயிருந்தது, கை போயிருந்தது, ஆனால் காது இருந்தது. பிடில்காரிக்குக் காதுதான் கடைசியாகப் போகும் போலிருக்கிறது. அங்கே நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது. டாக்டர் ஓர் இளம் பெண். எப்போது ஆரம்பித்தது, சரியாகச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் மருந்து என்றாள்.

"காப்பி குடுத்தப்ப சிரிச்சாங்க, நேரா இருந்துச்சி" என்றாள் வீட்டுக்காரம்மா. "அப்பால எட்டு மணி பஸ்ஸு ஆரன் அடிச்சிகினு போச்சி. அப்ப பிடிலு கேட்டுகினுதான் இருந்துச்சி. பஸ்ஸு வளைவு திரும்பறதுக்குள்ள நின்னுபோச்சி. போய்ப் பாத்தா வாயி கோணிகீது."

"நல்லது. ஸ்கேன் எடுத்துட்டு ஊசி போட்டுடலாம். இதுக்கு முன்னாடி இவங்களுக்குப் பக்கவாதம் வந்திருக்கா?"

"வந்துகீதுங்க!" என்றான் வண்டி ஓட்டி வந்த அவள் தம்பி, உதவி செய்கிற ஆர்வத்தில். "ஊருக்கே தெரியும். இடப்பக்கம். ரொம்ப வருசமா கீதுங்க."

டாக்டரின் பேனா நின்றது. "ஏற்கெனவே வந்திருந்தா இந்த ஊசியை யோசிச்சுத்தான் போடணும். கடைசியா எப்ப வந்தது? பழைய சீட்டு ஏதாவது இருக்கா?"

எனக்கு எல்லாம் புரிகிறது. இல்லை, இல்லை என்று சொல்ல வேண்டும். வாயிலிருந்து ஏதோ குழறலாக வருகிறது, அதைப் பார்த்து டாக்டர் இன்னும் கவலைப்படுகிறாள். இருபத்தெட்டு வருஷமாக எந்தச் சொல்லை என் தொழில் என்று சொல்லிக்கொண்டேனோ, அந்தச் சொல்லே என்னைக் கொண்டுபோகப் போகிறது.

பளார் என்று ஒரு சத்தம். தம்பியின் முதுகில் விழுந்த அடி.

"வாய மூடுடா! டாக்டரம்மா, அவன் பேச்சக் கேக்காதீங்க. அது பக்கவாதம் இல்லீங்க. பக்க, வாத்தியம். பக்கவாத்தியம். பாட்டு பாடறவங்களுக்கு இடப்பக்கம் குந்திகினு பிடிலு வாசிக்கறது. நல்ல ஒடம்புங்க. ஒரு நோவு நொடி கெடையாது. இதான் மொத தபா."

ஓர் எழுத்து பிசகவில்லை. 'த்தி' அப்படி அழுத்தமாக விழுந்தது. படுத்துக் கிடந்த என் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

ஊசி போட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் வரை பேச்சு வரவில்லை. செங்கத்திலிருந்து தம்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வீட்டுக்காரம்மா வீட்டுக்கே போகவில்லை, பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள். காலையில் எழுந்து வந்து என்னைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டாள். காதில் சரியாக விழவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"இன்னா?"

அவ்வளவுதான். முப்பது வருஷம் தேய்த்துத் துடைத்த நாக்கில், மற்ற எல்லாம் போன பிறகு, அடியில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. தம்பி "அக்கா!" என்று கத்தினான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "இன்னாவா? இன்னான்னா கேக்கற? கேளு, இன்னும் கேளு" என்று என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த நாளைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. மறுபடி எந்தச் சபாவிலாவது போய் உட்கார்ந்தால், முதல் வார்த்தையாக அதைத்தான் மைக்கில் சொல்லப்போகிறேன்.

கால் சீக்கிரம் வந்தது. கைதான் படுத்தியது. வில்லைப் பிடித்தால் விரல் வழுக்கும். பிடித்தாலும் நேராக இழுக்காது, கம்பியை விட்டுச் சறுக்கிப் போகும். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும், பிள்ளைகளுக்கு முதல் நாளில் என்ன சொல்லிக் கொடுப்பேனோ அதையே எனக்கும் ஆரம்பித்தேன். விரல் வைக்காமல் வெறும் கம்பியில் நீளமாக ஒரு வில், திரும்ப ஒரு வில். பத்தாவது நாள் வகுப்பே சேர்ந்து, "டீச்சர், மணிக்கட்ட எளக்கமா வெச்சிகினு இழுங்க" என்று எனக்குப் பாடம் நடத்தியது. நான் அவர்களைத் திட்டின திட்டெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டேன். வீட்டில் இன்னும் மோசம். "பூனைய மிதிச்ச மாதிரி கீது" என்பாள் வீட்டுக்காரம்மா. ஆனால் ஒரு நாள் வாசிக்காமல் இருந்தால் காபியை வைத்துவிட்டு, "பூனை எங்க?" என்பாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, வில் அடியிலிருந்து நுனி வரை நடுங்காமல் போனது. வெறும் 'ச'தான். என் வாழ்க்கையில் எத்தனையோ ராகம் வாசித்திருக்கிறேன். அந்த ஒற்றை ஸ்வரத்தைப்போல எதையும் வாசித்ததில்லை. வெளியே கொட்டாப்புளி நின்றது. இம்முறை அவள் ஓடி வரவில்லை. அங்கிருந்தே, "ம்ம்" என்றாள்.

அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கே ஆச்சரியம்.

"ஆஸ்பத்திரியில அத்தனை சரியா சொன்னியே, பக்கவாத்தியம்னு. அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏன் தெரியாது? நீதான் எட்டு வாட்டி கத்துனியே. நான் இன்னா செவுடா?"

"அப்புறம் ஏன் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மாத்திச் சொல்லல? என் மானத்தை வாங்கினியே!"

அவள் மாசியில் சேர்த்துவைத்த புளியில் கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஒண்டியா வந்து எறங்கன. புருசன் இல்ல, புள்ள இல்ல. வாயோ நீளம். பக்கவாத்தியம்னு சொல்லியிருந்தா எவன் பஸ்ல எயுந்து எடம் உடுவான்? பக்கவாதம்னா ஊரே உன்மேல ஒரு கண்ணு வெச்சிக்கும். வெச்சிகினு போவட்டும்னு உட்டுட்டேன்."

தெரிந்தே ஒரு தப்பை, அதுதான் சரி என்பதுபோல, கூடவே கொண்டுபோயிருக்கிறாள். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த இடத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் இந்தத் தொழிலைச் செய்ததாக நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றி என்று சொல்லிப் பார்த்தேன். "போயி காப்பித் தம்ளர கயுவு" என்றாள்.

போன வாரம் கைக்கு மருந்து வாங்கத் திருவண்ணாமலைக்குப் போனோம். எட்டு மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். புதிதாக மலைக்கு வேலைக்கு வந்த ஒருவர், இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் இடம் விடுங்க" என்றேன். "ஏன்மா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்.

"நான் பக்கவாதம் டீச்சர்" என்றேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் பாவம், எழுந்தே விட்டார். நான் உள்ளே நகர்ந்து ஜன்னல் ஓரம் போகப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தி, அவளே ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். அது என் இடது பக்கம்.

"எப்பவும் இடது பக்கந்தானா?" என்று கேட்டேன்.

"எப்பவும் இடது பக்கந்தான்" என்றாள் அவள். "மாறவே மாறாது. இன்னிக்குக் காலைல அவசரத்துல பாக்கல. எங்க, சிரி."

சிரித்தேன். உற்றுப் பார்த்தாள்.

"நேராத்தான் கீது" என்றாள்.